நின்ற வண்டியில் ‘கடகட’ சப்தம்: இஞ்சினைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தேவதானப்பட்டி வட்டாரத்தில் மா அறுவடை தொடங்கிவிட்டால் விவசாயிக்கு இரவு பகல் தெரியாது. விடியுமுன் பறித்த காயை வெயில் ஏறுவதற்குள் மண்டியில் இறக்கியாக வேண்டும். பெரியகுளம், வத்தலக்குண்டு என்று எங்கே கொண்டுபோவதானாலும் வண்டி வேண்டும். முன்பு மாட்டு வண்டியும் வாடகை லாரியும் செய்த வேலையை இன்று சிறிய சரக்கு வண்டிகள் செய்கின்றன. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்கூட நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ, பழைய வண்டி ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். சொந்த வண்டி இருந்தால் வாடகை மிச்சம். பக்கத்துத் தோட்டத்துக் காயை ஏற்றிப் போனால் நாலு காசு வரவும் உண்டு.

ஆனால் அந்த வண்டி ஒரு நாள் காலையில் நின்ற இடத்தில் ‘கடகட’வென்று ஒலி எழுப்பத் தொடங்கினால் விவசாயிக்கு வயிறு கலங்கிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வார்களோ, எத்தனை நாள் போட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே சிலர் சப்தத்தைக் கவனிக்காமல் ஓட்டி, நடுவழியில் நிற்கிறார்கள். வேறு சிலர் தேவையில்லாமல் இஞ்சினைப் பிரித்துவிட்டுப் பணத்தை இழக்கிறார்கள். இரண்டும் நஷ்டமே.

இந்தச் சப்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விவசாயியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு நாலைந்து ஸ்பானர்களும், ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரும், ஒரு மணி நேரப் பொறுமையும் போதும்.

ஒரு தோட்டக்காரரின் அனுபவம்

தேவதானப்பட்டிக்கு அருகே மலையடிவாரத்தில் காசா, செந்தூரம் ஆகிய மா வகைகளைப் பயிரிட்டுள்ள ஒரு விவசாயி, பழைய நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வைத்திருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. காய் பறிப்புத் தொடங்கிய வாரத்தில், நியூட்ரலில் நிற்கும்போது வண்டி முழுவதும் நடுங்கியது. கீழே கடகடவென்று சப்தம். ஒரு பட்டறையில் காட்டினார். “கிராங்க் பக்கம் சப்தம் வருகிறது, இஞ்சினைப் பிரித்தாக வேண்டும், பத்துப் பதினைந்து நாள் ஆகும்” என்றார்கள். பதினைந்து நாள் வண்டி படுத்துவிட்டால் அந்தப் பருவத்து வருமானமே வாடகைக்குப் போய்விடும். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஊரில் முன்பு லாரி, பஸ் இஞ்சின் வேலை பார்த்துவிட்டு இப்போது தென்னந்தோப்பைக் கவனித்து வரும் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னார்.

“அண்ணே, இஞ்சினைப் பிரிக்கணும்ங்கிறாங்க.”

“பிரிக்கலாம் தம்பி. பிரிச்ச பிறகும் சப்தம் போகலேன்னா என்ன செய்வ? சரி, சப்தம் எப்ப வருது?”

“நிற்கும்போதுதான் வருது. கொஞ்சம் ரேஸ் கொடுத்தா அடங்கிடுது.”

“அடங்கிடுதா? கிராங்க் பேரிங் போயிருந்தா ரேஸ் கொடுக்கும்போது கூடத்தானே செய்யும்? ஆயில் விளக்கு எரியுதா?”

“இல்லண்ணே, ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடுது.”

“அப்ப வண்டியைக் கொண்டு வா. முதல்ல வெளியே பார்ப்போம். அப்புறம் உள்ளே போவோம்.”

பெரியவர் சொன்ன அந்த ஒரு வழிதான் இந்த வேலைக்கு அடிப்படை. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போக வேண்டும்.

நிற்கும்போது மட்டும் ஏன் சப்தம்?

நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறைதான் வெடிக்கும். இஞ்சின் நிமிடத்திற்கு 900 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் இஞ்சினில் விநாடிக்கு 30 வெடிப்புகள் உண்டாகும். இரண்டு சிலிண்டரானால் 15. நம் கிணற்றடியில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இஞ்சின் அதே வேகத்தில் ஓடினால் விநாடிக்கு ஏழு அல்லது எட்டுத்தான். வெடிப்பு எவ்வளவு குறைவோ, ஒவ்வொரு வெடிப்பும் அவ்வளவு தனித்தனியாக உதைக்கும். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு நம் பக்கத்தில் ‘குட்டியானை’ என்ற பெயரே இவ்வகைச் சிறு வண்டிகளுக்கு நிலைத்துவிட்டது. அந்த முதல் ஏஸில் இருந்தது இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின். இத்தகைய வண்டி நிற்கும்போது காரைப்போல் அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஓரளவு நடுக்கம் அதன் இயல்பு. நேற்று வரை இல்லாத நடுக்கம் இன்று வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊஞ்சலைத் தள்ளுகிறவர், அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் போகாது. வண்டியில் தளர்ந்து கிடக்கும் ஒவ்வொரு தகட்டிற்கும் குழாய்க்கும் ஆடுவதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. இஞ்சினின் உதையும் அந்த வேகமும் பொருந்திவிட்டால் தகடு பலமாக அதிரும். ரேஸ் கொடுத்தால் உதையின் வேகம் மாறிவிடுகிறது, தகடும் அடங்கிவிடுகிறது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, வேகம் மாறியதும் மறையும் சப்தம் பெரும்பாலும் தளர்ந்த பொருளின் சப்தமே.

இஞ்சினின் நடுக்கம் சட்டத்தில் ஏறாமல் இருக்கத்தான் ரப்பர் மௌண்டிங் வைக்கிறார்கள். அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1931-ல் தன் பிளிமத் காரில் இஞ்சினை ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்டு, நான்கு சிலிண்டர் இஞ்சினின் ஆட்டத்தை உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் குறைத்தது. அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. இன்று நம் சரக்கு வண்டியிலும் அதே ஏற்பாடுதான். ரப்பர் இற்றுப்போனால் வண்டி 1931-க்கு முந்திய காலத்துக்குப் போய்விடும்.

தொடங்குமுன் பாதுகாப்பு

வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை அல்லது கல் வைக்க வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, கழுத்துக் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. ஓடும் விசிறியும் பெல்ட்டும் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சிறுவர்களை அருகில் விடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுப்பது கூடவே கூடாது.

துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நாம் சொல்வதைச் செய்தால் போதும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

கையை வைப்பதற்கு முன் இவற்றைக் கவனித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. காலையில் குளிர்ந்திருக்கும்போது சப்தம் அதிகமா, சூடேறிய பின் அதிகமா?

2. ரேஸ் கொடுத்தால் சப்தம் மறைகிறதா, அல்லது இஞ்சினோடு சேர்ந்து வேகமாகிறதா?

3. கிளட்சை மிதித்தால் மாற்றம் உண்டா?

4. ஹெட்லைட் போட்டால் சப்தம் மாறுகிறதா? (விளக்கு எரியும்போது டைனமோவுக்குப் பளு கூடும்.)

5. இஞ்சினை அணைக்கும் நொடியில் ‘டம்’ என்று குலுங்குகிறதா?

6. சப்தம் சீராக வருகிறதா, விட்டுவிட்டு வருகிறதா?

பட்டறைக்குப் போக நேர்ந்தாலும் இந்தத் தாளைக் கொடுத்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. “ஏதோ சப்தம் வருகிறது, பாருங்கள்” என்று வண்டியை விட்டுவிட்டு வந்தால், எதையெல்லாம் கழற்றுவார்கள் என்று நாம் கேட்க முடியாது.

முதல் சுற்று: வெளிப் பொருள்கள்

இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வண்டியைச் சுற்றி நடந்து வாருங்கள். நம்பர் பிளேட், மட்கார்டு, பம்பர் தாங்கி, பின் கதவுச் சங்கிலி, கொக்கி, தார்ப்பாய்க் கம்பி, இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பானர் பெட்டி, பேட்டரியைப் பிடிக்கும் தகடு, பானெட்டைத் தாங்கும் கம்பி, ரேடியேட்டரைச் சுற்றியுள்ள தகடு ஆகிய ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். அழுத்தும்போது சப்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் உள்ளவற்றை மட்டும் இஞ்சினை நிறுத்திய பிறகே தொட்டுப் பார்க்க வேண்டும்.

தளர்ந்த நட்டை இறுக்கினால் மட்டும் போதாது. ஏன் தளர்ந்தது என்று பாருங்கள். ஸ்பிரிங் வாஷர் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது துளை அகன்றிருக்கும். வாஷர் போடாமல் இறுக்கிய நட்டு அடுத்த மாதமே மறுபடி தளரும்.

இரண்டாம் சுற்று: சைலன்சர்

நின்ற வண்டியில் எழும் சப்தத்திற்குப் பல நேரங்களில் சைலன்சரே காரணம். குழாயைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்தால் குழாய் இறங்கி, சட்டத்தின் மேல் மோதும். கிளாம்பு தளர்ந்தாலும் அப்படியே. சூடு தடுக்கும் மெல்லிய தகடு துருப்பிடித்து ஒரு போல்ட்டில் மட்டும் தொங்கினால், சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் ஒலிக்கும்.

சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, மரக்கட்டையால் அதன் உடலை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் நல்லது. உள்ளே ஏதோ உருளுவதுபோல் கேட்டால் உட்தகடுகள் அரித்து உடைந்துவிட்டன என்று பொருள். தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சீக்கிரம் கெடும். குறைந்த தூரம் ஓடி நிறுத்தும்போது புகையில் உள்ள ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி அரிக்கிறது.

இஞ்சினை ஒட்டிய இடத்தில் ‘சக் சக்’ என்று காற்று வெளியேறும் சப்தம் வந்தால், அது மேனிபோல்டு பேக்கிங்கில் கசிவு. அந்த இடத்தில் கரி படிந்த கோடு தெரியும். இதைப் பலர் டேப்பட் சப்தம் என்று தவறாக எண்ணுகிறார்கள். இந்தக் கசிவைச் சும்மா விடக் கூடாது. புகை ஓட்டுநர் அறைக்குள் வரும்.

நம் தோட்டக்காரரின் வண்டியில் பெரியவர் கண்டது இதுதான். பின்பக்கத் தொங்கு ரப்பர் அறுந்து, குழாய் சட்டத்தை இடித்துக்கொண்டிருந்தது. இடித்த இடத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. ரப்பரையும் கிளாம்பையும் மாற்றியதும் கடகட சப்தம் நின்றது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை.

மூன்றாம் சுற்று: மௌண்டிங் ரப்பர்

ஸ்டீயரிங், கண்ணாடி, இருக்கை எல்லாம் சேர்ந்து நடுங்கினால் இஞ்சின் மௌண்டிங்கைப் பார்க்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்துவிட்டதா, எண்ணெயில் ஊறி உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். சிறு கடப்பாரையை இஞ்சின் தாங்கிக்கும் சட்டத்திற்கும் நடுவே விட்டு லேசாக நெம்பினால், நல்ல ரப்பர் எதிர்த்துத் திரும்பும். கெட்டது தொளதொளவென்று வரும். அலுமினியப் பகுதியிலும் எண்ணெய்க் கலத்திலும் கடப்பாரை படக் கூடாது.

இன்னொரு சோதனை: துணைக்கு இருப்பவரை இஞ்சினை ஸ்டார்ட் செய்யவும், பிறகு அணைக்கவும் சொல்லி, பக்கவாட்டில் தள்ளி நின்று இஞ்சினைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக எழும்பி விழுந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் போய்விட்டது.

மேற்படி வண்டியில் இடது பக்க ரப்பர் எண்ணெயில் ஊறி இற்றுப்போயிருந்தது. மேலே டேப்பட் மூடியின் பேக்கிங் கசிந்து சொட்டுச் சொட்டாக ரப்பர் மேல் விழுந்திருந்தது. பெரியவர் முதலில் பேக்கிங்கை மாற்றச் சொன்னார், பிறகுதான் ரப்பர். கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அதே கதிதான். புது ரப்பரைப் போட்டவுடன் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடக் கூடாது. பாதி இறுக்கி, இஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பின் நிறுத்திவிட்டு முழுதும் இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நடுக்கம் போகாது.

நான்காம் சுற்று: பெல்ட் ஓட்டும் கருவிகள்

கடகடப்பும் நடுக்கமும் போன பிறகு, தோட்டக்காரர் வண்டியைக் கிளப்ப அவசரப்பட்டார். மறுநாள் காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் மலைக்குக் காய் ஏற்றிப்போக வேண்டும். பெரியவர், “இருப்பா, இப்பத்தான் கேட்க முடியுது” என்று சொல்லி மறுபடி காதைக் கொடுத்தார். பெரிய சப்தம் அடங்கியதும் அதன் அடியில் இருந்த மெல்லிய ‘கர்ர்’ சப்தம் இப்போது கேட்டது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைச் சந்தேகப்படும் பாகத்தின் அசையாத உடலில் ஊன்றி, பிடியைக் காதை ஒட்டிய எலும்பில் வைத்துக் கேட்டால், எந்தப் பேரிங் கத்துகிறது என்று தெரியும். மருந்து தெளிக்கும் குழாயில் இரண்டு முழம் புதிதாக வெட்டி எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தும் கேட்கலாம். மருந்து பட்ட பழைய குழாயைக் காதில் வைக்கக் கூடாது. சுற்றும் பாகத்துக்கு அருகில் நீட்டவும் கூடாது.

சந்தேகம் தீராவிட்டால், இஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோ, வாட்டர் பம்பு, விசிறி ஆகியவற்றின் கப்பிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள். பிறகு பெல்ட் இல்லாமல் இஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சப்தம் இல்லையானால் பெல்ட் ஓட்டும் கருவிகளில் ஒன்றுதான் காரணம். தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பு டைனமோவின் பின்னாலேயே இருக்கிறது. ஆகவே பெல்ட் இல்லாத வண்டியை ஓர் அடிகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. இந்தச் சோதனை வெளியே தெரியும் விசிறி பெல்ட்டுக்கு மட்டுமே. மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டைத் தொடவே கூடாது.

அந்த வண்டியில் வாட்டர் பம்பின் கப்பி கையால் ஆட்டும்போது மேலும் கீழும் ஆடியது. பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் கசிந்து காய்ந்த கறையும் இருந்தது. அந்த நிலையில் சுமையோடு மலை ஏறியிருந்தால், பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்திருக்கும். தண்ணீர் கொதித்து, ஹெட் வளைந்து, உண்மையிலேயே இஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும். வளைவுகள் நிறைந்த மலைப் பாதையில் பெல்ட் அறுந்தால் பிரேக் மிதி கல்லாகக் கெட்டிப்படும். அதை நினைத்துப் பார்க்கவே அவருக்கு நடுக்கமாக இருந்தது. பம்பை மாற்றிய பிறகே வண்டி மலைக்குப் போனது. வாடகை வண்டிக்கு இரண்டு நாள் கொடுத்ததைத் தவிர அந்தப் பருவத்தில் அவருக்கு வேறு நஷ்டமில்லை.

ஐந்தாம் சுற்று: கிளட்ச்

நியூட்ரலில் நிற்கும்போது ‘கிறுகிறு’ என்ற சப்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், அது கியர் பெட்டியின் முன் தண்டுப் பேரிங்காக இருக்கலாம். அல்லது கிளட்ச் பிளேட்டில் வட்டமாக அமைந்துள்ள சுருள் வில்கள் தளர்ந்திருக்கலாம். இஞ்சினின் உதையைத் தணிப்பதற்காக வைத்த வில்கள் அவை. மாறாக, மிதிக்கும்போது மட்டும் சப்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. இவற்றுக்குக் கியர் பெட்டியை இறக்க வேண்டும், பட்டறை வேலை. ஆனால் இஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

ஆறாம் சுற்று: எரிபொருளும் மிஸ்ஸிங்கும்

நடுக்கம் சீராக இல்லாமல் ஒரு உதை விட்டு ஒரு உதை தவறுவதுபோல் இருந்தால் ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை. முதலில் எளியவற்றைப் பாருங்கள். ஏர் பில்டரில் தூசு அடைத்திருக்கிறதா? டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா? குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா? ஸ்லோ ரன்னிங் வேகம் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறதா? பழைய பம்பு நாசில் வண்டிகளில் வேகத்தைச் சற்று உயர்த்தினாலே நடுக்கம் அடங்குவதுண்டு. பெட்ரோல், கேஸ் வண்டிகளில் ஸ்பார்க் பிளக், காயில், காற்றுக் குழாய்க் கசிவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, பழைய வண்டிகளில் நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இஞ்சின் வேகம் இறங்கும். கெட்டதைத் தளர்த்தினால் மாற்றம் இருக்காது. இந்தச் சோதனையைக் காமன் ரெயில் வண்டிகளில் ஒருபோதும் செய்யக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்குப் பின் வந்த டீசல் சரக்கு வண்டிகளிலும், அதற்கு முந்திய பல வண்டிகளிலும் இந்த முறையே உள்ளது. அந்தக் குழாயில் டீசலின் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக் கூடியது. டிராக்டரின் பெரிய டயரில் உள்ள காற்று சுமார் ஒரு பார்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிக் கையையே எடுக்கும்படி ஆகும். பழைய வண்டியானாலும் கையால் டீசல் பீச்சுவதைத் தடவிப் பார்க்கக் கூடாது. அப்படி நேர்ந்துவிட்டால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

உள் சப்தத்தை அறிவது எப்படி?

மேற்சொன்ன எதுவும் இல்லையென்றால்தான் இஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். வால்வுகள் இஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் அடிக்கும். ஆகவே மேல்பக்கம் ‘டிக் டிக்’ என்று நிதானமாக வரும் சப்தம் டேப்பட் இடைவெளி கூடியதைக் காட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் இந்தச் சப்தம் வரும்.

கீழிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்து, ரேஸ் கொடுக்கும்போது கூடினால், அது பேரிங் சப்தம். அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த நொடியே இஞ்சினை அணைத்துவிட வேண்டும். “பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம்” என்று நினைக்கக் கூடாது. கட்டி இழுத்துப் போங்கள். பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்குக்கும் ஏறிவிடும்.

டிராக்டருக்கும் ஆயில் இஞ்சினுக்கும்

பெரும்பாலான டிராக்டர்களில் இஞ்சினே சட்டமாகவும் இருக்கிறது. ரப்பர் தாங்கி இல்லாமல் கியர் பெட்டியோடு நேராகப் பூட்டியிருப்பார்கள். எனவே நடுக்கம் உடலுக்கு வருவது இயல்பு. ஆனால் பானெட் கொக்கி, மட்கார்டு, சைலன்சர், டூல் பெட்டி, பின்னால் உள்ள இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றை மேற்சொன்ன முறையில் பார்க்கலாம். இணைப்புக் கம்பிகள் தொங்கிக்கொண்டு அடித்தால் சங்கிலியை இறுக்கினால் போதும்.

ஆயில் இஞ்சின் பம்பு செட்டில் முதலில் அடிமான போல்ட்டுகளைப் பாருங்கள். ஒரு போல்ட் தளர்ந்தாலும் ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் குதிக்கும். அடுத்து பம்புக்கும் இஞ்சினுக்கும் நேர்கோடு சரியாக இருக்கிறதா, பறப்புச் சக்கரத்தின் சாவி தளர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சாவி தளர்ந்த பறப்புச் சக்கரம் ‘டங் டங்’ என்று ஒலிக்கும். அது கழன்று ஓடினால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து. சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

விற்பவர் நாம் போவதற்கு முன்பே இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் சப்தம் நமக்குத் தெரியாமல் போகும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் பாட்டு, பேச்சு எதுவும் இல்லாமல் கேளுங்கள். கிளட்சை மிதித்தும் விட்டும், விளக்கைப் போட்டும் அணைத்தும் கேளுங்கள். புதிதாகக் கழுவிப் பளபளக்கும் இஞ்சினைக் கண்டால், கசிவை மறைக்கக் கழுவினார்களா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

வாங்கிய பிறகு, மாதத்துக்கு ஒரு நாள் காலையில், சுமை ஏற்றுவதற்கு முன் அதே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்ல நிலையில் வண்டி எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழகிவிட்டால், கெடும்போது முதல் நாளே தெரிந்துவிடும். கன்று தீனி எடுக்காவிட்டால் அன்றே கண்டுபிடிக்கும் நம் விவசாயிகளுக்கு இது கஷ்டமான வேலை அல்ல.

பட்டறைக்குப் போக வேண்டிய வேலைகள் உண்டு. நல்ல மெக்கானிக்குகளும் நம் பகுதியில் உண்டு. சோதித்துப் பார்த்த விவரங்களோடு அவர்களிடம் போங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதை மாற்றினார்கள், எந்தத் தேதி, எத்தனை கிலோ மீட்டரில் என்று ஒரு நோட்டில் எழுதி, வண்டியிலேயே வையுங்கள். அடுத்த மா அறுவடைக்கு முன் அந்த நோட்டைப் புரட்டினால், எதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும் என்று தெரியும். காய் மரத்தில் பழுத்து நிற்கும்போது வண்டி பட்டறையில் நிற்கும் நிலை வராது.